புதிதாக எடுத்த சீ.டி. 200: எதை முதலில் செய்வது, எதைத் தொடாமல் விடுவது?

வாவிக்கரை
எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்பு, கல்லடியில் இருந்து எழுதுகிறேன். கனநாள் தேடி, போன கிழமைதான் ஒரு ஹொண்டா சீ.டி. 200 ரோட்மாஸ்டர் எடுத்தேன். 194 சீ.சீ., இரட்டைச் சிலிண்டர். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதில் இருந்து இந்தப் பழைய ஹொண்டாக்களின் விலை ஏறிய ஏற்றம் உங்களுக்குத் தெரியும். எனக்கு அமைந்தது ஒரு ஓய்வுபெற்ற உத்தியோகத்தரின் பைக். கையில் எடுத்தவர் ஒருவர், புத்தகம் சுத்தம், பெயின்ட்கூட அசல். ஆனால் கொஞ்சக் காலம் ஓடாமல் கொட்டிலில் நின்றிருக்கிறது.

செய்ய நினைத்திருப்பவை: எல்ஈடி ஹெட்லைட், எல்ஈடி சிக்னல், இரண்டு பக்கமும் சத்தமான சைலன்சர், பின்னுக்கு அகலமான டயர், அந்தப் பெட்டி மாதிரி மூடியிருக்கும் செயின் கவரைக் கழற்றுவது, போன் சார்ஜர்.

குறை என்று பார்த்தால், ஐடிலில் நிற்கும்போது நடுக்கம் கொஞ்சம் கூட. பாலத்தில் ஏறும்போது மூன்றாம் கியரில் இழுவை குறைவு. வலப்பக்க சைலன்சரில் பெற்றோல் மணம் வருகிறது. எங்கே இருந்து தொடங்கலாம்?

செங்கலடி_பாஸ்
தம்பி, வாழ்த்துகள். லிஸ்டை ஒரு பக்கம் வையுங்கள். பைக் இப்போது ஒன்றரைச் சிலிண்டரில் ஓடுகிறது. அதைப் பார்க்காமல் லைட் பூட்டி என்ன செய்வது?

காலையில், எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யுங்கள். அரை நிமிடம் ஓட விட்டு, இரண்டு பைப்பிலும் ஹெட்டுக்குக் கிட்ட, வளைவு தொடங்கும் இடத்தில், விரலால் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். சர்ரென்று ஆவியாகிற பக்கம் வேலை செய்கிறது. சொட்டு அப்படியே வழிந்து கீழே இறங்கினால் அந்தப் பக்கம் சும்மா காற்றுத்தான் அடிக்கிறது. கையை வைத்துப் பார்க்க வேண்டாம், தோல் போய்விடும்.

மறுகா இரண்டு பிளக்கையும் கழற்றி, எது இடம் எது வலம் என்று குறித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள். இரட்டைச் சிலிண்டரில் உள்ள வசதியே இதுதான், ஒன்றை வைத்து மற்றதைச் சோதிக்கலாம். ஒற்றைச் சிலிண்டர் பைக்கில் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் கிடையாது.

மண்டூரான்
மச்சான், மற்றது எதைக் கழற்றினாலும் அந்த செயின் கவரைக் கழற்றாதே. படுவான்கரையில் வயலுக்கும் வீட்டுக்கும் நான் ஓடுவது இதே பைக்தான். வெயில் காலத்தில் கிரவல் புழுதி, மாரியில் சேறு, இடையில் மணல். திறந்த செயினில் ஒயில் போட்டால் அந்த மணல் எல்லாம் ஒட்டி, அரைக்கிற பசையாக மாறிவிடும். மூடியிருக்கிறதில் அந்தக் கரைச்சல் இல்லை. ஹொண்டாக்காரன் அழகுக்கா அதைப் பூட்டினான்?

கவரில் ரப்பர் மூடி போட்ட ஓட்டை ஒன்று இருக்கும். அதைத் திறந்து விரலால் செயினை மேலும் கீழும் தள்ளிப் பார். இரண்டு, இரண்டரை சென்ரிமீற்றர் ஆடினால் சரி. ஒரே இடத்தில் பார்த்துவிட்டு விடாதே, சில்லைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் பார். பழைய செயின் ஓரிடத்தில் இறுக்கமாகவும் ஓரிடத்தில் தொய்வாகவும் இருக்கும். இறுக்கமான இடத்தை வைத்துத்தான் சரி செய்ய வேண்டும். அந்த ஓட்டை வழியாகவே 90ஆம் நம்பர் கியர் ஒயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டு சில்லைச் சுற்றினால் போதும், கழுவித் துடைக்கும் வேலை இல்லை.

களுவாஞ்சி_நிஞ்சா
நானும் இதே இழையில் கேட்கலாமா? என்னிடம் நிஞ்சா 250, காபரேட்டர் மாடல். பழைய சீ.டி. ஓடுகிறவர்கள் எல்லாம் என் பைக்கின் ஐடில் சத்தத்தைக் கேட்டுவிட்டு "தம்பி, ஒரு சிலிண்டர் அடிக்கவில்லை" என்கிறார்கள். பிளக் இரண்டும் ஒரே நிறம்தான். உண்மையில் பிழை இருக்கிறதா?

செங்கலடி_பாஸ்
பிழை இல்லை தம்பி. சீ.டி.யில் இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். ஆனால் வெடிப்பது மாறி மாறி, ஒரு சுற்றுக்கு ஒன்று. அதனால் சத்தம் சீராக வரும். நிஞ்சாவில் ஒன்று மேலே இருக்கும்போது மற்றது கீழே. வெடிப்பு இரண்டும் கிட்டக்கிட்ட விழுந்து பிறகு ஓர் இடைவெளி வரும். ஐடிலில் நொண்டுவது போலத்தான் கேட்கும், ஆர்.பி.எம். ஏறினால் தெரியாது. சிலிண்டர் இரண்டு என்பதால் இரண்டும் ஒரே சாதி எஞ்சின் ஆகிவிடாது.

உங்களுக்கு வேறு ஒரு வேலை இருக்கிறது. சீ.டி.க்கு ஒரே காபரேட்டர். உங்களுக்கு இரண்டு. இரண்டும் ஒரே அளவு இழுக்கிறதா என்று வெக்யூம் கேஜ் பூட்டிச் சமப்படுத்த வேண்டும். அதற்கு முதல் வால்வு இடைவெளி சரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிழையான அளவுக்கு மேல் சமப்படுத்தியதாகப் போகும். கேஜ் இல்லாமல் காதால் கேட்டே செய்து தருகிறோம் என்று சொல்லும் இடங்களும் உண்டு. சிங்கிளுக்கு அது சரி. இதற்குச் சரிவராது.

ஆரையம்பதி_டீச்சர்
அம்மம்மாவின் காலத்துக் கதை சொல்ல வரவில்லை, ஆனால் எங்கள் வீட்டில் அப்பா ஓடிய சீ.டி. 125 பென்லி இன்னும் ஓடுகிறது. பள்ளிக்கூடத்துக்கு நான்தான் கொண்டுபோகிறேன். சீ.டி. 200இன் தம்பி என்று வையுங்களேன்.

கடற்கரையோரம் இருப்பவர்களுக்கு முதல் எதிரி உப்புக் காற்று. எஞ்சினுக்கு முன்னால் அது போய்ச் சேரும் இடம் வயர் மூட்டுகள். ஹெட்லைட்டைக் கழற்றினால் உள்ளே எல்லா வயர்களும் ஒரு பூங்கொத்தாகக் கிடக்கும். ஒவ்வொரு கனெக்டராக இழுத்து, பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய பல் தூரிகையும் கொன்டெக்ட் கிளீனரும் போதும். பற்றரியின் எர்த் வயர் சட்டத்தில் பூட்டும் இடத்தைக் கழற்றி, பெயின்டும் துருவும் போகும்வரை உப்புத்தாளால் தேய்த்து, திரும்பப் பூட்டிய பிறகு மேலே கொஞ்சம் வாசலின் தடவி விடுங்கள். பாதிக் கரண்ட் வியாதிகள் இதோடு போய்விடும்.

வாங்கப் போகும் எந்தப் பல்ப்பாக இருந்தாலும் முதலில் பற்றரியைப் பாருங்கள். பழைய பென்லிகளில் 6 வோல்ட் வண்டிகளும் இருந்தன. முந்தைய சொந்தக்காரர்கள் என்ன மாற்றினார்கள் என்பது நமக்குத் தெரியாது.

வாவிக்கரை
பாஸ் அண்ணன், சொன்னபடி செய்தேன். இடப்பக்கம் சர்ரென்று போனது. வலப்பக்கம் சொட்டு வழிந்து இறங்கி, கன நேரம் கழித்துத்தான் காய்ந்தது. இடது பிளக் மண்ணிறம், காய்ந்திருக்கிறது. வலது பிளக் கரி நிறம், ஈரம், பெற்றோல் மணம். பற்றரி 12 வோல்ட்தான் டீச்சர்.

செங்கலடி_பாஸ்
நல்லது. இப்போது யோசித்துப் பார்ப்போம். காபரேட்டர் ஒன்றே ஒன்று, இரண்டு பக்கமும் அதே கலவையைத்தான் குடிக்கிறது. காபரேட்டர் பிழை என்றால் இரண்டு பிளக்கும் கறுக்க வேண்டும். ஒன்று மட்டும் கறுத்தால் காபரேட்டரைத் திறக்காதீர்கள். இந்த நிலையில் முதலில் காபரேட்டரில் கை வைக்கிற மெக்கானிக் பாஸிடம் பைக்கை விட வேண்டாம்.

பொறியும் ஒரே கொயிலில் இருந்துதான் வருகிறது. கொயிலின் இரண்டு பக்கமும் இரண்டு வயர், இரண்டு பிளக்கும் ஒரே நேரத்தில் பொறிக்கும். ஒன்று வேலைக்கு, மற்றது புகை வெளியேறும் நேரத்தில் வீணாக. ஆகவே கொயிலும் அவ்வளவு சந்தேகம் இல்லை. மிச்சம் இருப்பது வலப்பக்கத்துக்கே உரிய சாமான்கள்: பிளக், பிளக் கெப், வயர் நுனி, வால்வு, கம்பிரஷன்.

மலிவானதில் இருந்து தொடங்குங்கள். இரண்டு பிளக்கையும் இடம் வலம் மாற்றிப் போடுங்கள். பிழை இடப்பக்கம் போனால் பிளக். போகாமல் வலப்பக்கமே நின்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது கெப். கெப்பைத் திருகிக் கழற்றினால் வயரின் நுனி தெரியும். செம்பு பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் அரைச் சென்ரிமீற்றர் வெட்டிவிட்டு, பளபளக்கும் செம்பில் திரும்பத் திருகுங்கள். மீற்றர் இருந்தால் கெப்பின் இரண்டு முனையையும் அளந்து பாருங்கள், கடையில் வரும் ரெசிஸ்டர் கெப் பெரும்பாலும் 5 கிலோ ஓம். முடிவிலி காட்டினால் குப்பைக்கு.

பிளக்கைத் திரும்பப் போடும்போது முதல் சில சுற்று விரலால் மட்டும். ஹெட் அலுமினியம். சாவியால் கோணலாக ஏற்றினால் புரி போய்விடும், அந்தச் செலவில் இரண்டு டயர் வாங்கலாம்.

அக்கரைப்பற்று_விராகோ
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் யமஹா விராகோ 250 ஓடுகிறேன். அதுவும் இரட்டைச் சிலிண்டர்தான், ஆனால் வி வடிவம், ஒன்றுக்குப் பின்னால் ஒன்று. பொத்துவில் ரோட்டில் இரவு ஓட்டம் இருப்பதால் லைட் விசயம் எனக்கு நல்ல பழக்கம்.

தம்பி வாவிக்கரை, எல்ஈடி போடுவது பிழை இல்லை. இந்தக் காலத்து பைக் அளவுக்கு அந்தக் கால ஓல்டர்நேட்டர் கரண்ட் தராது. 60/55 வாட் ஹலோஜனைக் கொண்டுவந்து மாட்டினால் இரவில் பிரேக் லைட், சிக்னல், ஹோர்ன் எல்லாம் சேரும்போது பற்றரி இறங்கிவிடும். எல்ஈடி அதில் பாதிகூட இழுக்காது. பிரச்சினை வேறு. பழைய ரிஃப்ளெக்டர் இழை பல்ப்புக்காகச் செய்தது. எல்ஈடி சில்லு அந்த இழை இருந்த அதே இடத்தில் உட்காராவிட்டால் ஒளி சிதறும். எதிரே வருகிறவருக்குக் கண் கூசும், நமக்கு ரோட்டில் படுத்திருக்கும் மாடு தெரியாது. பொத்துவில் பக்கம் இரவில் மாடு படுக்காத ரோட்டைக் காட்டுங்கள் பார்ப்போம்! வாங்கியதும் சுவரில் அடித்துப் பாருங்கள். டிம்மில் மேல் விளிம்பு வெட்டினாற்போல் வர வேண்டும். வராவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சிக்னலை எல்ஈடி ஆக்கினால் பிளாஷரையும் மாற்றுங்கள். பழைய பிளாஷர் பல்ப் இழுக்கும் கரண்டில் சூடாகித்தான் வெட்டி வெட்டி எரிய வைக்கும். எல்ஈடி அந்த அளவு இழுக்காது. ஒன்றில் அப்படியே எரிந்துகொண்டிருக்கும், அல்லது படபடவென்று துடிக்கும். எலக்ட்ரோனிக் பிளாஷர் என்று கேட்டால் தருவார்கள்.

போன் சார்ஜரை நேரே பற்றரியில் கொளுவாதீர்கள். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் வயரில் இருந்து எடுத்து, நடுவில் சின்ன பியூஸ் ஒன்று. எல்லாம் முடிந்த பிறகு மீற்றரால் பற்றரியை அளவுங்கள். எஞ்சின் நிற்கும்போது 12.6 வோல்ட்டுக்குக் கிட்ட, ஓடும்போது கொஞ்சம் முறுக்கினால் 13.5க்கும் 14.5க்கும் இடையில். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, பற்றரியையும் புதுப் பல்ப்பையும் அது தின்றுவிடும்.

செங்கலடி_பாஸ்
விராகோ காக்கா சொன்னது அவ்வளவும் சரி, ஒன்றைத் தவிர. ஹெட்லைட்டுக்கு எல்ஈடி வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. ரிஃப்ளெக்டரைத் துடைத்து, நல்ல இழை பல்ப் போட்டு, வயர் மூட்டைச் சுத்தம் செய்தாலே வெளிச்சம் கூடும். பழைய பைக்கில் பல்ப்புக்கு வந்து சேருவதற்குள் வோல்ட் வழியிலேயே கரைந்துவிடுகிறது. ஒரு ரிலே போட்டுப் பற்றரியில் இருந்து நேரே எடுத்தால் அதே பல்ப்பில் வித்தியாசம் தெரியும், ஹேண்டிலில் உள்ள சுவிட்சும் உருகாது.

அக்கரைப்பற்று_விராகோ
ரிலே நானும் போட்டிருக்கிறேன் பாஸ். அதற்கு மேல் எல்ஈடியும் போட்டேன். இரவு ரோட்டில் நீங்கள் என்னோடு ஒரு தரம் வந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

மண்டூரான்
நீங்கள் இரண்டு பேரும் சண்டை பிடியுங்கள். அதற்குள் நான் சைலன்சரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மச்சான், இந்த பைக்கின் பெறுமதியே அந்தச் சத்தமில்லாத ஓட்டம்தான். அசல் சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டுப் பிறகு தேடினால் கிடைக்காது. வெளியே காற்று இலகுவாகப் போனால் உள்ளே கலவை வறண்டுபோகும், காபரேட்டரில் ஜெட் மாற்ற வேண்டிவரும், அதற்குப் பிறகு எரிபொருள் கூடும். புகைப் பரிசோதனையும் இருக்கிறது, பொலிஸ் செக்கிங்கும் இருக்கிறது. பவர் கூடாது, சத்தம்தான் கூடும்.

அகலமான டயரும் அப்படித்தான். ரிம் ஒடுக்கம், டயர் அகலம் என்றால் டயர் உருண்டை பிடித்துத் திருப்பங்களில் பைக் மந்தமாகும். செயின் கவரிலும் உரசும். அதே அளவில் நல்ல டயர் போடு. டயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 3519 என்றால் 2019ஆம் ஆண்டு 35ஆவது கிழமையில் செய்தது. ஓய்வுபெற்ற உத்தியோகத்தரின் பைக் என்கிறாய், டயரில் பூ, அதாவது பள்ளக் கோடுகள், நிறைய இருக்கும், ஆனால் ரப்பர் கல்லாகியிருக்கும். பூவைப் பார்த்து ஏமாறாதே, அந்த நாலு இலக்கத்தைப் பார். டியூபையும் ரிம் நாடாவையும் சேர்த்தே மாற்று.

ஆரையம்பதி_டீச்சர்
பிரேக்கை யாரும் சொல்லவில்லையே. முன்னுக்கும் பின்னுக்கும் டிரம். கொட்டிலில் நின்ற பைக்கில் லைனர், டிரம்மில் உரசும் அந்தப் பட்டை, கண்ணாடி மாதிரி வழுக்கி இருக்கும். சில்லைக் கழற்றி, லைனரை உப்புத்தாளில் லேசாகச் சொரசொரப்பாக்குங்கள். உள்ளே இருக்கும் தூசை ஊதவோ காற்றடிக்கவோ வேண்டாம், பழைய லைனர்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். பிரேக் கை பூட்டும் இடத்தில் ஹொண்டா ஓர் அம்புக்குறி வைத்திருக்கும். பிரேக்கை அமத்தும்போது அந்த அம்பு டிரம்மில் உள்ள குறியைத் தொட்டால் லைனர் முடிந்தது.

மாரியில் தண்ணீர் நின்ற ரோட்டைக் கடந்தால், கொஞ்சத் தூரத்துக்கு மெதுவாகப் போய்க்கொண்டே பிரேக்கை மெல்லப் பிடித்து விட்டுப் பிடித்து விட்டு உலர்த்துங்கள். நனைந்த டிரம் பிரேக் பிடிக்காது. அதை நாவற்குடாச் சந்தியில், முன்னால் பஸ் நிற்கும்போது தெரிந்துகொள்வது நல்லதில்லை.

வாவிக்கரை
எல்லோருக்கும் நன்றி. பிளக்கை மாற்றிப் போட்டேன், பிழை வலப்பக்கமே நின்றது. கெப்பைக் கழற்றினால், பாஸ் அண்ணன் சொன்ன அதே பச்சை. வயரை வெட்டிப் புதுக் கெப் போட்டதும் இரண்டு பைப்பிலும் தண்ணீர் சர்ரென்று போகிறது. நடுக்கம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. ஆனால் வலது பிளக் இன்னும் இடதைவிடக் கொஞ்சம் கறுப்பு. சைலன்சர், டயர், செயின் கவர் மூன்றையும் லிஸ்டில் இருந்து வெட்டிவிட்டேன். ஒயில் என்ன போடலாம்? பழைய ஒயிலை வடித்தபோது பால் தேத்தண்ணி நிறத்தில் ஒரு கோடு வந்தது.

செங்கலடி_பாஸ்
அந்தக் கோடு தண்ணீர். நின்ற பைக்கில் ஈரம் உள்ளே கோர்ப்பது வழமை, பயப்படத் தேவையில்லை. ஒயில் போட்டு ஒரு கிழமை ஓடிவிட்டு அதையும் வடித்துவிடுங்கள், அப்புறம் திரும்பவும் அதே நிறம் வந்தால் பேசுவோம்.

4டி ஒயில், போத்தலில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருக்க வேண்டும். இந்த எஞ்சினில் கிளச் ஒயிலுக்குள்ளேயே மூழ்கி நிற்கிறது. காருக்கு வரும் சில ஒயில்களில் வழுக்கல் கூட்டும் மருந்து இருக்கும், அது கிளச்சையும் வழுக்க வைக்கும். இதில் காகித பில்டர் கிடையாது, வலைதான். அதனால் ஒயிலைத் தவிர அழுக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வர வேறு வழி இல்லை. 1500 கிலோமீற்றருக்கு ஒரு தரம் மாற்றுங்கள் என்பேன். அளவு பார்க்கும்போது நடு ஸ்டாண்டில் நிறுத்தி, குச்சியைத் துடைத்து, திருகாமல் சும்மா இறக்கிப் பாருங்கள்.

வலப்பக்கம் இன்னும் கறுப்பு என்றால் இனி வால்வு. இது குளிர்ந்த எஞ்சினில் செய்யும் வேலை, இரவு விட்டுக் காலையில் செய்யுங்கள். இந்த எஞ்சினுக்கு இடைவெளி 0.05 மில்லிமீற்றர், எழுதுகிற தாளின் பாதித் தடிப்புத்தான். இரண்டு பிஸ்டனும் ஒன்றாக மேலே வருவதால், பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் டி குறியை நேராக்கியதும் இரண்டையும் செய்துவிடலாம் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. ஒன்று கம்பிரஷனில் நிற்கும், மற்றதில் வால்வுகள் லேசாகத் திறந்திருக்கும். வால்வை அமத்தும் ரொக்கரைக் கையால் ஆட்டிப் பாருங்கள். இரண்டு ரொக்கரும் லேசாக டிக் டிக் என்று ஆடுகிற சிலிண்டரைத்தான் இப்போது செய்ய வேண்டும். அதை முடித்து, எஞ்சினை இன்னும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மற்றதைச் செய்யுங்கள். இடைவெளி அளக்கும் தகடு உள்ளே போய் வரும்போது கையில் மெல்லிய இழுவை இருக்க வேண்டும். லொக் நட்டை இறுக்கிய பிறகு திரும்ப ஒரு தரம் அளவுங்கள், இறுக்கும்போது அது கொஞ்சம் நகரும்.

களுவாஞ்சி_நிஞ்சா
பாஸ், என் நிஞ்சாவுக்கு ரேடியேட்டரில் கிணற்றுத் தண்ணீர் விடலாமா? கூலன்ட் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

செங்கலடி_பாஸ்
எங்கள் கரையோரக் கிணற்றுத் தண்ணீரா? வேண்டாம். உப்பு, சுண்ணாம்பு இரண்டும் அலுமினியத்தைத் தின்னும். அலுமினியத்துக்கு ஏற்ற கூலன்ட், அவசரத்துக்கு பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீர். ஏன் இறங்கியது என்றும் பாருங்கள். மழைக்காலத்தில் கன நாள் ஓடாமல் நிற்கப் போகிறது என்றால் இரண்டு காபரேட்டரின் கீழ்க் கிண்ணத்திலும் உள்ள பெற்றோலை வடித்துவிடுங்கள். பெற்றோல் காய்ந்து பசையானால் முதலில் அடைபடுவது ஐடில் ஜெட், ஊசி முனை அளவு ஓட்டைதானே.

வாவிக்கரை
வால்வு பார்த்தாயிற்று. வலப்பக்க எக்ஸோஸ்ட் வால்வில் தகடு நுழையவே இல்லை, முழு இறுக்கம். சரி செய்த பிறகு மூன்றாம் கியரில் கல்லடிப் பாலம் சுகமாக ஏறுகிறது. பெற்றோல் டெப்புக்குக் கீழே உள்ள கிண்ணத்தில் செந்நிறத் தூள் கொஞ்சம் இருந்தது, தாங்கிக்குள் துரு போல. இன்னொன்று, செயின் கவரின் ரப்பர் மூடி வெடித்துப் போயிருக்கிறது. மட்டக்களப்பில் இரண்டு கடையில் இல்லை என்றார்கள்.

ஆரையம்பதி_டீச்சர்
துரு லேசாக இருந்தால் தாங்கியைக் கழற்றி, டெப்பையும் கழற்றி ஓட்டையை அடைத்து, விநாகிரியை நிரப்பி ஒரு நாள் விடுங்கள். வடித்ததும் அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் அலசி, உடனே வெயிலில் முழுதாகக் காய வைத்துப் பெற்றோல் நிரப்புங்கள். ஈரத்தோடு விட்டால் அடுத்த நாளே திரும்பத் துரு பிடிக்கும். மாரியில் தாங்கியை எப்போதும் நிரப்பியே வையுங்கள், வெறும் இடத்தில்தான் ஈரம் கோர்க்கும்.

மண்டூரான்
மூடிக்குக் கல்முனைப் பக்கம் பழைய சாமான் கடைகளில் ஒரு தரம் கேட்டுப் பார் மச்சான். கிடைக்காவிட்டால் ட்ரக்டர் டியூபில் வட்டமாக இரண்டு துண்டு வெட்டு, ஒன்று ஓட்டையைவிடப் பெரிது, ஒன்று ஓட்டைக்குச் சரியாக. இரண்டையும் சொலூஷன் போட்டு ஒட்டி அமத்திவிடு. என் பைக்கில் அப்படித்தான் இருக்கிறது. டியூப் துண்டு வேண்டுமென்றால் என்னிடம் நிறையக் கிடக்கிறது, குருமண்வெளித் துறைக்கு வந்தால் எடுத்துத் தருகிறேன்.